வலிப்பு நோய் விலங்காய்வு: புதிதாகச் சேரும் ஆய்வு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

மருந்தியல் துறையில் எம்.ஃபார்ம் அல்லது முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரும் மாணவர் பலருக்கு முதலில் கையில் கிடைப்பவை ஒரு தாவரச் சாறு, ஒரு மின்னதிர்ச்சிக் கருவி, வலிப்பை உண்டாக்கும் வேதிப்பொருளான பென்டிலீன்டெட்ரசோல் ஒரு புட்டி ஆகியவைதாம். மூத்த மாணவர் செய்த அளவுகளிலேயே, அவர் செய்த வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்து முடித்து, சாறு வலிப்பைத் தடுக்கிறது என்று முடிவுரையில் எழுதிவிடுகிறார்கள். எந்த வகை வலிப்பு, எப்படிப்பட்ட மூளையில் வந்த வலிப்பு என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வேட்டில் விடை இருப்பதில்லை. கீழே வருபவை அந்த விடையோடு ஆய்வைத் தொடங்குவதற்கான படிகள். எலி, சுண்டெலி ஆகியவற்றையே பெரும்பாலும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அனுமதி தொடர்பான பகுதி இந்தியாவுக்கு உரியது.

முதல் படி: கேள்வியை எழுதுதல்

நலமாக இருக்கும் ஓர் எலிக்கு மின்சாரத்தையோ வேதிப்பொருளையோ போதிய அளவு செலுத்தினால் வலிப்பு வரும். அதனால் அந்த எலிக்கு வலிப்பு நோய் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. மறுநாள் அது மற்ற எலிகளைப் போலத் தின்றுகொண்டும் திரிந்துகொண்டும் இருக்கும். மனிதரைப் பொறுத்தவரை, தூண்டுதல் ஏதுமில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்புகளாவது வந்திருந்தாலோ, ஒன்று மட்டும் வந்து அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு 60 விழுக்காடாவது இருந்தாலோ, குறிப்பிட்ட ஒரு வலிப்பு நோய்த்தொகுதி என்று மருத்துவர் கண்டறிந்திருந்தாலோதான் அது வலிப்பு நோய் என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014-இல் வரையறுத்தது. இந்த அளவுகோலை எலிக்கும் பிடித்துப் பாருங்கள். மின்னதிர்ச்சி கொடுத்த எலி அதில் தேறாது. நிற்காத வலிப்பைத் தூண்டும் பைலோகார்பின் என்ற பொருளைக் கொடுத்துப் பல வாரங்கள் கழித்துத் தானாகவே வலிப்பு வரும் எலி தேறும்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இருக்கும் மருந்துகளால் வலிப்பு அடங்குவதில்லை. ஆகவே வரும் வலிப்பை அடக்கும் இன்னொரு மருந்தைத் தேடுவது ஒரு கேள்வி. தலைக்காயத்துக்கோ மூளைத் தொற்றுக்கோ பிறகு வலிப்பு நோய் உருவாகாமலே தடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. மருந்துக்கு அடங்காத வலிப்பு ஏன் அடங்குவதில்லை என்பது மூன்றாவது. ஒரு மரபணுப் பிறழ்ச்சி மூளைச் சுற்றுகளில் என்ன செய்கிறது என்பதும், வலிப்போடு சேர்ந்து வரும் மனச்சோர்வையும் மறதியையும் எப்படி அளப்பது என்பதும் இன்னும் வேறு. இவற்றில் எது உங்களுடையது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, வழிகாட்டும் பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். அதுவரை எலி வாங்க வேண்டாம்.

இரண்டாம் படி: நோய் மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

மனித நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்க்கும் முறையைத்தான் நோய் மாதிரி என்கிறோம். இதுதான் ஆய்வின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்துறையின் பழக்கவழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் அவற்றின் எல்லையும் புரியும். 1912-இல் ஜெர்மனியில் ஹாப்ட்மன் ஃபீனோபார்பிட்டாலை வலிப்புக்குப் பயன்படுத்தியதிலிருந்து, உறக்கம் தரும் மருந்துதான் வலிப்பை அடக்கும் என்ற எண்ணம் நிலவியது. பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இருவர் பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கிப் பல சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அதிக மயக்கம் தராமலே வலிப்பை அடக்கும் ஃபெனிடாயினை 1937-இல் கண்டு சொன்னார்கள். 1944-இல் எவரெட், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் பென்டிலீன்டெட்ரசோல் உண்டாக்கும் வலிப்பை ட்ரைமெத்தடையோன் தடுக்கிறது என்று காட்டினார்கள். உடல் முழுதும் விறைத்து இழுக்கும் வலிப்புக்கு மின்னதிர்ச்சி, சில நொடிகள் வெறித்துப் பார்த்து நினைவு தப்பும் ஆப்சென்ஸ் வகைக்குப் பென்டிலீன்டெட்ரசோல் என்ற பாகுபாடு இந்த இரண்டிலிருந்து உருவாயிற்று. 1975-இல் அமெரிக்க அரசின் நரம்பியல் நிறுவனம் யூட்டா பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கிய மருந்துகளைச் சலித்தெடுக்கும் திட்டமும் நெடுங்காலம் இவ்விரு சோதனைகளையே வாயிற்படியாக வைத்திருந்தது.

அந்த வாயிற்படியில் லெவடிரசெட்டம் இடறி விழுந்தது. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் அம்மருந்து வழக்கமான மின்னதிர்ச்சிச் சோதனையிலும் தேறவில்லை, பென்டிலீன்டெட்ரசோல் சோதனையிலும் தேறவில்லை. ஒலியால் வலிப்பு வரும் சுண்டெலிகளிலும், கிண்ட்லிங் செய்யப்பட்ட விலங்குகளிலும் அது வேலை செய்ததால்தான் பிழைத்தது. 1999-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. மூளையில் அது பற்றிக்கொள்ளும் புரதம் எஸ்வி2ஏ என்பது 2004-இல்தான் தெரிய வந்தது. சேர்மம் ஒன்று இரண்டு பழைய சோதனைகளிலும் தோற்றதால் அதைக் குப்பையில் போடும் மாணவர் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பென்டிலீன்டெட்ரசோல் பக்கத்திலும் ஓட்டை உண்டு. டையகாபின், விகாபாட்ரின் ஆகியவை அந்தச் சோதனையில் நன்றாகவே தெரியும். ஆனால் ஆப்சென்ஸ் வலிப்பு உள்ளவர்களுக்கு அவை நிலைமையை மோசமாக்கக்கூடும். லாமோட்ரிஜின் அதில் தோற்கும். ஆனால் நோயாளிக்குப் பயன்படும். ஆகவே உங்கள் கேள்வி ஆப்சென்ஸ் பற்றியது என்றால், பிறவியிலேயே அவ்வகை வலிப்பு கொண்ட எலி இனங்களான ஸ்ட்ராஸ்பூர்க்கின் கேயர்ஸ், நெதர்லாந்தின் வாக்-ரைஜ் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். அவை கிடைக்காவிட்டால், கேள்வியைச் சுருக்கிக்கொள்வதே நேர்மை.

பொட்டு மடலிலிருந்து கிளம்பும், மருந்துக்கு எளிதில் அடங்காத வலிப்பைப் பற்றி ஆராய்பவருக்கு வழிகள் பல. விலங்கின் மூளையில் அமிக்டலா போன்ற பகுதியில் மின்முனை பொருத்தி, வலிப்பு வராத அளவுக்குச் சிறிய மின்தூண்டலை நாள்தோறும் கொடுத்துக்கொண்டே வந்தால், முதலில் ஒன்றும் செய்யாத அதே தூண்டல் சில வாரங்களில் முழு வலிப்பை உண்டாக்கும். கிரஹாம் காடர்ட் 1960-களின் இறுதியில் விவரித்த இந்த நிகழ்வுதான் கிண்ட்லிங். மின்முனை பொருத்த வசதியில்லாத ஆய்வுக்கூடங்களில் பென்டிலீன்டெட்ரசோலைச் சிறு அளவில், எலியின் கிலோ எடைக்கு 35 மி.கி. என்ற கணக்கில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து இதைச் செய்கிறார்கள். மின்னதிர்ச்சியை வினாடிக்கு ஆறு துடிப்பு என்ற தாழ்ந்த வேகத்தில் மூன்று வினாடி கொடுக்கும் 6 ஹெர்ட்ஸ் சோதனை, சுண்டெலியில் குறைந்த செலவில் முடிவது. மின்னோட்டத்தை 32-இலிருந்து 44 மில்லி ஆம்பியருக்கு உயர்த்தினால் பழைய மருந்துகள் பல அதில் வலுவிழக்கும். நிற்காத வலிப்பை முதலில் உண்டாக்கிப் பின் நோய் உருவாகக் காத்திருக்கும் பைலோகார்பின், கெய்னிக் அமில மாதிரிகள்தாம் மனித நோய்க்கு மிக அருகில் வருபவை. விலங்குக்கும் ஆய்வாளருக்கும் மிகக் கடினமானவையும் அவைதாம்.

மரபணு வழி தனி உலகம். சோடியம் வாயில் புரதத்தை உருவாக்கும் எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பிறழ்ச்சி ஏற்பட்டால் குழந்தைகளுக்கு டிராவே நோய்த்தொகுதி வருகிறது. அதே பிறழ்ச்சியைச் சுண்டெலியில் உண்டாக்கியபோது, பாதிக்கப்படுபவை முக்கியமாகப் பிற நரம்பணுக்களை அடக்கும் நரம்பணுக்கள் என்பது 2006-ஐ ஒட்டித் தெரிந்தது. சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமாசெபின் போன்ற மருந்துகள் அக்குழந்தைகளுக்கு ஏன் தீங்கு செய்கின்றன என்பதற்கு அதில் ஒரு விளக்கம் கிடைத்தது. விலங்காய்வால் என்ன பயன் என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வரிக்குதிரை மீனின் குஞ்சுகளில் இதே மரபணுவைக் குலைத்து நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சலிக்கவும் முடிகிறது. குஞ்சு நீரில் முதலில் துள்ளி, பிறகு சுழன்று, கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து மிதப்பதைக் கேமரா பதிவு செய்துகொள்ளும். வீட்டு நாய்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவானவற்றுக்கு இயல்பாகவே வலிப்பு நோய் வருகிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு, சிகிச்சையின் ஊடாகவே அவற்றைப் பற்றிப் படிக்கலாம் என்பதால், கால்நடை மருத்துவ மாணவர்கள் கவனிக்க வேண்டிய துறை இது.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பு தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் பதிவாகியுள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் குழு 1990-களில் எலிகளின் தலையில் வெந்நீர் பாய்ச்சி இதற்கு ஒரு விலங்கு மாதிரியை உருவாக்கியது. மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டி இந்தியாவில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இயற்கையாகவே அப்புழுவின் இடைநிலை விருந்தோம்பி பன்றி. மின்னதிர்ச்சிக் கருவியை விட்டு வெளியே பார்க்க விரும்பும் மாணவருக்கு இவ்விரண்டிலும் இடம் இருக்கிறது.

மூன்றாம் படி: அனுமதி

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குகள் மீதான பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிடும் மத்தியக் குழு இயங்குகிறது. முன்பு சிபிசிஎஸ்இஏ என்று அறியப்பட்ட அது இப்போது சிசிஎஸ்இஏ. உங்கள் நிறுவனமும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், விலங்கு வாங்கும் பண்ணையும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். எலி, சுண்டெலி ஆய்வுகளுக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தரலாம். நாய், குரங்கு போன்றவற்றுக்கு மத்தியக் குழுவுக்கே போக வேண்டும். நிறுவனக் குழுவில் விஞ்ஞானிகளோடு ஒரு கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி ஒருவர், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோர் இருப்பார்கள்.

அனுமதி கேட்கும் விண்ணப்பமான பி படிவத்தை நிரப்பும்போது மாணவர்கள் திணறுவது இரண்டு இடங்களில். விலங்கைப் பயன்படுத்தாமல் இதைச் செய்ய முடியாதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் முடியாது என்று எழுதிவிடுகிறார்கள். மூளைத் துண்டங்களிலும் வளர்ப்பு நரம்பணுக்களிலும் எதுவரை போகலாம், அதற்கு மேல் முழு விலங்கு ஏன் தேவை என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். இரண்டாவது, எந்த நிலையில் விலங்கின் துன்பத்தை முடித்துவைப்பீர்கள் என்பது. உடல் எடை 20 விழுக்காடு குறைந்தால், குறித்த நேரத்துக்கு மேல் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தால், மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் என்று எண்ணோடு எழுதுங்கள். மிகவும் துன்பப்பட்டால் என்று எழுதினால் அன்றைக்குக் கூடத்தில் இருப்பவர் அவரவர் மனப்போக்குப்படி முடிவெடுப்பார்.

வலிப்பை அடக்கும் டயஸிபாம், ஃபீனோபார்பிட்டால் ஆகியவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. வாங்குவதற்கும் பதிவேடு வைப்பதற்கும் ஆகும் காலத்தைக் கணக்கில் கொண்டு, விலங்குகள் வருவதற்கு முன்பே அவை அலமாரியில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விலங்கும் அறையும்

எந்த இனம் என்பது சிறு விவரம் இல்லை. சி57பிளாக்6 சுண்டெலிக்குக் கெய்னிக் அமிலத்தால் நீண்ட வலிப்பு வந்தாலும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்பணுக்கள் பெரிதாகச் சாவதில்லை, எஃப்விபி இனத்தில் ஏராளமாகச் சாகும். டிபிஏ2 சுண்டெலிக்கு ஒலி கேட்டு வலிப்பு வருவது ஏறத்தாழ மூன்று வார வயதை ஒட்டிய குறுகிய காலத்தில்தான்; அனுமதி தாமதமாகிக் குட்டிகள் வளர்ந்துவிட்டால் ஆய்வும் போயிற்று. பெண் விலங்கின் சினைச்சுழற்சி வலிப்பு வரும் வரம்பை மாற்றும் என்று சொல்லி ஆண் விலங்கை மட்டும் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. நோயாளிகளில் பெண்களும் இருக்கிறார்கள். இரு பாலையும் சேர்த்துத் திட்டமிடுவதே முறை.

விலங்குகள் வந்திறங்கியதிலிருந்து ஒரு வாரமாவது பழகவிடுங்கள். அந்த வாரத்தில் நாள்தோறும் கையில் எடுத்துப் பழக்குங்கள், ஏனெனில் புதிய கையைக் கண்டு மிரளும் எலியின் வலிப்பு எண்கள் மிரட்சியையும் சேர்த்தே காட்டும். சோதனைகளை ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை 9 முதல் 12-க்குள், வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு கழுவும் நாளில் சோதனை வேண்டாம். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் கரைசல் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, குறியீட்டுப் பட்டியலை வலிப்பைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மருந்தைக் கரைக்கும் கரைசலும் நிறத்தால் காட்டிக்கொடுக்கும். தாவரச் சாறு பச்சையாக இருக்கையில் வெறும் உப்புக்கரைசலை எதிரே வைத்தால், ஊசி போடுபவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதனால் ஊசி போடுபவர் ஒருவராகவும் மதிப்பெண் இடுபவர் வேறொருவராகவும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: உடனடி வலிப்புச் சோதனைகள்

மின்னதிர்ச்சிச் சோதனையில் சுண்டெலிக்குக் கருவிழி வழியாக 50 மில்லி ஆம்பியர், எலிக்கு 150 மில்லி ஆம்பியர், இரண்டுக்கும் 0.2 வினாடி என்பது பரவலான அளவு. நம் கூடங்களில் எலிக்குக் காதுக் கிளிப் வழியாகவே பெரும்பாலும் கொடுக்கிறார்கள். கருவிழி வழியென்றால் கண்ணில் முதலில் மரப்பு மருந்துத் துளி விட வேண்டும். கிளிப் என்றால் பஞ்சை உப்புக்கரைசலில் நனைத்துக் காதுமடலில் வைத்த பிறகே கவ்வ வேண்டும், உலர்ந்த காதில் மின்னோட்டம் சரியாகப் பாயாது. அதிர்ச்சி பாய்ந்த உடனே விலங்கு முதலில் மடங்கும், பிறகு பின்னங்கால்கள் உடலுக்கு நேர்கோட்டில் பின்னோக்கி விறைத்து நீளும், அதன் பிறகு வெட்டி வெட்டி இழுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் வரும் அந்த நீட்சியை மட்டுமே. பின்னங்கால் உடலோடு 90 பாகைக்கு மேல் விரியவில்லை என்றால் விலங்கு பாதுகாக்கப்பட்டது என்று பொருள். மருந்து பெறாத குழுவில் எல்லா விலங்கும் நீட்சியைக் காட்டியாக வேண்டும். காட்டவில்லை என்றால் தவறு கருவியிலோ கிளிப்பிலோ இருக்கிறது.

பென்டிலீன்டெட்ரசோலைச் சுண்டெலிக்குக் கிலோ எடைக்கு 85 மி.கி. வீதம், கழுத்துப் பின்புறத்தில் தளர்வாகத் தூக்கிப் பிடித்த தோலின் அடியில் செலுத்தி, தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து 30 நிமிடம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நூற்றில் 97 விலங்குகளுக்கு வலிப்பை உண்டாக்குவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட அளவு அது. ஒரே ஒரு துள்ளல் வலிப்புக் கணக்கில் வராது. குறைந்தது மூன்று வினாடி, சிலரது வரையறையில் ஐந்து வினாடி, தொடர்ந்து இழுக்க வேண்டும். எந்த வரையறை என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள்.

மருந்தை எப்போது கொடுத்தீர்கள் என்பது அளவைப் போலவே முக்கியம். பதினைந்து நிமிடம், அரை மணி, ஒன்று, இரண்டு, நான்கு மணி என்று பல நேரங்களில் சில விலங்குகளைச் சோதித்து, உச்ச விளைவு நேரத்தைக் கண்டுபிடித்த பிறகே அளவுகளை ஏற்றி இறக்க வேண்டும். அரை மணி நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாறுகளுக்கும் வைப்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

தாவரச் சாற்று ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். விலங்கை மயங்கவைக்கும் எந்தப் பொருளும் வலிப்பைக் குறைத்ததுபோலத் தோன்றும். நிமிடத்துக்கு ஆறு சுற்று வேகத்தில் சுழலும் தண்டின் மீது சுண்டெலியை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். மூன்று முறை விழுந்தால் அந்த அளவு நஞ்சு. பாதி விலங்குகளை விழவைக்கும் அளவை, பாதி விலங்குகளைப் பாதுகாக்கும் அளவால் வகுத்தால் பாதுகாப்புக் குறியீடு கிடைக்கும். அது ஒன்றை ஒட்டியே இருந்தால் உங்கள் கையில் இருப்பது தூக்க மருந்து. சுழல்தண்டு எண் இல்லாத வலிப்புக் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஆறாம் படி: நிற்காத வலிப்பும் அதன் பின்விளைவும்

இந்த மாதிரியைத் தனியாகச் செய்யாதீர்கள். செய்து பழகியவர் பக்கத்தில் நிற்க, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் சுவரில் ஒட்டியிருக்க, காலையில் தொடங்குங்கள். எலிக்குப் பைலோகார்பின் மட்டும் என்றால் கிலோ எடைக்கு 300 முதல் 400 மி.கி. வரை. முந்தைய நாள் லித்தியம் குளோரைடு 127 மி.கி. கொடுத்திருந்தால் 30 மி.கி. அளவே போதும். இரண்டு வழியிலும், பைலோகார்பினுக்கு அரை மணி முன்பு மெத்தில்ஸ்கோபோலமின் 1 மி.கி. கொடுத்தாக வேண்டும். எச்சில், வயிற்றுப்போக்கு, மூச்சுக்குழாய்ச் சுருக்கம் போன்ற மூளைக்கு வெளியே உள்ள விளைவுகளை அது தடுக்கும். மூளைக்குள் போகாது என்பதால் வலிப்பைத் தடுக்காது. புட்டியின் பெயர்ச்சீட்டில் மெத்தில் என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். வெறும் ஸ்கோபோலமினோ அட்ரோபினோ கைக்கு வந்துவிட்டால் அது மூளைக்குள் புகுந்து பைலோகார்பினை எதிர்க்கும். நாள் முழுதும் காத்திருந்தாலும் ஒரு எலிக்கும் வலிப்பு வராது.

ஊசி போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடர்வலிப்பு தொடங்கிவிடுவது வழக்கம். இங்கே ரசீன் 1972-இல் வகுத்த ஐந்து படிநிலைகள் உதவும்: முகத் தசையும் வாயும் அசைவது ஒன்று, தலையாட்டல் இரண்டு, முன்னங்கால் இழுப்பு மூன்று, பின்னங்காலில் நிமிர்தல் நான்கு, நிமிர்ந்து விழுதல் ஐந்து. அது அமிக்டலா கிண்ட்லிங்குக்காக வகுக்கப்பட்டது. பென்டிலீன்டெட்ரசோல் வலிப்பின் துள்ளலும் விறைப்பும் அதில் அடங்காது என்பதால், அதற்குத் திருத்திய அளவுகோலைத்தான் பயன்படுத்த வேண்டும்.

திட்டமிட்ட நேரத்தில், பெரும்பாலும் 60 அல்லது 90 நிமிடத்தில், டயஸிபாம் 10 மி.கி. கொடுத்து வலிப்பை நிறுத்துங்கள். நேரம் போகப்போக நரம்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள, டயஸிபாம் வேலை செய்யும் இடமான காபா ஏற்பிகள் உள்ளே இழுக்கப்பட்டு, டயஸிபாமின் பிடி தளரும். 30 நிமிடத்தில் நின்றிருக்கக்கூடியது இரண்டு மணி நேரம் கழித்து நிற்காது. மருந்துக்குப் பிறகும் எலி அடுத்த சில நாள்களுக்குத் தண்ணீர்ப் புட்டியை எட்டாது. ரிங்கர் கரைசலைத் தோலுக்கு அடியில் ஏற்றி, தீவனத்தை நீரில் ஊறவைத்துத் தரையிலேயே வைத்து, நாள்தோறும் எடை பாருங்கள். பைலோகார்பின் ஆய்வில் எத்தனை எலிகள் பிழைக்கும் என்பது ஊசியின் அளவைப் போலவே இந்தப் பராமரிப்பையும் பொறுத்தது. கூண்டில் ஒவ்வொன்றாகவே விடுங்கள், கையுறை போட்டே தொடுங்கள்; நோய் உருவான எலிகள் திடீரெனச் சீறிக் கடிக்கும்.

ஏழாம் படி: தானாக வரும் வலிப்பைப் பிடித்தல்

சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை அமைதியாகக் கழியும் இடைக்காலத்துக்குப் பிறகு, எலிக்குத் தானாகவே வலிப்பு வரத் தொடங்கும். அது நீங்கள் கூடத்தில் இருக்கும் நேரத்தில்தான் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பகலில் நான்கு மணி நேரம் பார்த்து எழுதிய எண்ணை வலிப்பு வீதம் என்று சொல்லக் கூடாது. வலிப்புகள் கொத்துக் கொத்தாக வரும். சில நாள் அடுக்கடுக்காக, பிறகு பல நாள் ஒன்றுமில்லாமல். அதனால் மருந்தின் விளைவைப் பார்ப்பவர், மருந்துக்கு முன்பு இரண்டு வாரமாவது இரவும் பகலும் காணொளியோடு ஈ.ஈ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொத்து முடிந்து இயல்பாக வந்த அமைதியை மருந்தின் வெற்றி என்று எழுதிவிடுவோம்.

மின்முனைத் திருகுகளைப் பொருத்துவதை அறுவைப் பயிற்சி உள்ளவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் கற்பிக்க முடியாத வேலை அது. பதிவைப் படிப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. எலி பின்னங்காலால் காதைச் சொறியும்போதும் தீவனத்தைக் கொறிக்கும்போதும் திரையில் ஒழுங்கான கூர்முனை அலைகள் வரும். காணொளியை அதே நொடிக்கு ஓட்டிப் பார்த்தாலன்றி வலிப்பு என்றே தோன்றும். வலிப்பு அலை தொடங்கி, வேகமும் உயரமும் மாறிக்கொண்டே வளர்ந்து, முடிந்ததும் அலைகள் சிறிது நேரம் தட்டையாகும். சொறிதலில் இந்த வளர்ச்சியும் இல்லை, பின்வரும் தட்டையும் இல்லை. இரண்டாவது பொறி நுட்பமானது. வயது வந்த சாதாரண ஸ்ப்ராக்-டாலி, விஸ்டார் எலிகளிலும், எதுவும் செய்யாமலே, வினாடிக்கு ஏழெட்டு என்ற வேகத்தில் கூர்முனை-அலைத் தொடர்கள் தோன்றும். மூளைக் காயத்தால் வந்த வலிப்பு என்று இவற்றைக் கணக்கிட்டவர்கள் உண்டு. காயப்படுத்தாத, அதே வயது எலிகளையும் அதே கால அளவுக்குப் பதிவு செய்யாமல் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப வழியில்லை.

எட்டாம் படி: மூளையும் எண்களும்

விலங்கை முடிக்கும் நாளில் என்ன சாயம் என்பதை முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும். ஹிப்போகேம்பஸில் பாசி இழைகள் எனப்படும் நரம்பிழைகள் புதிதாகக் கிளைத்திருப்பதைக் காட்டும் டிம் சாயத்துக்கு, மூளையை நிலைப்படுத்தும்போதே சோடியம் சல்ஃபைடைச் செலுத்த வேண்டும். ஃபார்மலினில் போட்டு வைத்துவிட்டுப் பிறகு ஆசைப்பட்டால் நடக்காது.

கணக்கில், அலகு விலங்குதான், வலிப்பு அல்ல. எட்டு எலிகளில் 160 வலிப்புகளைப் பதிவு செய்தால் உங்கள் மாதிரி அளவு எட்டு; 160 என்று போட்டால் எந்தச் சோதனையும் பொருளுள்ளதாகத் தெரியும். பாதுகாக்கப்பட்டதா இல்லையா என்ற வகை விடைகளுக்கு ஃபிஷர் சோதனை போதும். வலிப்பு எண்ணிக்கை எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால் சராசரியைவிட இடைநிலை எண் உண்மையைக் காட்டும்.

எழுதும்போது, 2010-இல் வெளிவந்து 2020-இல் திருத்தப்பட்ட, விலங்காய்வை அறிக்கையிடுவதற்கான அரைவ் நெறிகளை எதிரே வைத்துக்கொண்டு, இனம், வாங்கிய இடம், பால், வயது, எடை, ஊசி போட்ட நேரம் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். தொடங்கிய விலங்குகள் எத்தனை, தொடர்வலிப்பு வராதவை எத்தனை, இறந்தவை எத்தனை, எந்த நாளில், எந்தக் குழுவில், எத்தனையை ஏன் நீக்கினீர்கள் என்பதை அட்டவணையாகவே தாருங்கள். மருந்துக் குழுவில் வலிப்பு மிகுந்த எலிகள் முன்பே இறந்திருந்தால், மிஞ்சியவற்றின் குறைந்த வலிப்பு மருந்தால் வந்ததா என்பதை வாசகர் அந்த அட்டவணையை வைத்துத்தான் முடிவு செய்வார். மூலக் காணொளிகளைக் குறியீட்டுப் பெயரோடு அப்படியே வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் கேட்டால் வேறொருவரை வைத்து மறுபடி மதிப்பெண் இட அவை தேவைப்படும்.